ஏழாம் தொட்டியில் பேனர் நிழல்

எங்கள் ஊர் செயற்கை இலை நிலையத்தில் நான் வினையூக்கியாக வேலை பார்க்கிறேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெயிலில், இடுப்பளவு தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் தானாகப் பிரியும். ஹைட்ரஜன் குழாய் வழியாக ஊர் அடுப்புகளுக்குப் போகும். ஆக்சிஜன் குமிழியாக மேலே போய்விடும். காலையில் நாம் எப்படித் தொட்டிக்குள் இறங்கினோமோ அப்படியே மாலையில் ஏறி வரவேண்டும். மாறாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். வேலை கிடைத்த அன்று என் மாமியார், "இவளுக்குன்னே செஞ்ச வேல" என்றாள்.

தண்ணீர் சும்மா பிரிந்துவிடாது. நம்மிடமிருந்து நான்கு பொருள் போகவேண்டும். விரலில் ருத்தேனியம் என்ற உலோகத்தில் ஒரு மோதிரம் போட்டிருப்போம். வெயில் அதில் ஒருமுறை அடித்தால் ஒரு பொருள் போகும். நான்கு அடியில் நான்கும் போய்விடும். பிறகு தண்ணீர் அந்த நான்கையும் நமக்குத் திருப்பித் தந்துவிட்டுத் தான் பிரிந்துகொள்ளும். இதற்குப் பெயர் ஒரு சுற்று. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். யாருக்கு எந்த நான்கு போகும் என்பதை வேலையில் சேரும்போதே மெடிக்கலில் பார்த்து அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். என் அட்டையில் இப்படி இருக்கும்: சுயம்புக்கனி, வினையூக்கி, நிலை இரண்டு. முதலாவது வயது. இரண்டாவது இடது வலது. மூன்றாவது கோபம். நான்காவது மகள்.

அதனால் என் மகள் சந்தனமாரி பகலில் சில நூறு தடவை இல்லாமல் போய்த் திரும்பி வருவாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள் பெயரை மட்டும் இரண்டு தடவை கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை, அன்றைக்கு முழுசாக இருப்பாள். அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நாங்கள் மறைக்கவில்லை. "பகல்ல மட்டும் கொஞ்சம் விட்டு விட்டு இருப்பா" என்று என் வீட்டுக்காரர் தவசிமுத்து சொன்னார். அவர்கள் உடன்குடிக்காரர்கள், நல்ல மாதிரி. "எங்க ஊர்ல கரண்டே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. நான்கும் போன பிறகு என்மேல் ஓர் ஆக்சிஜன் வந்து உட்காரும். ஒற்றை ஆக்சிஜன் எங்கேயும் கிளம்பாது, துணை கேட்கும். பக்கத்துத் தொட்டி ஆளுக்கும் நான்கு போய், அவர்மேலும் ஒன்று உட்கார்ந்தால்தான் இரண்டும் சேர்ந்து குமிழியாகும். அப்புறம்தான் எங்கள் பொருட்கள் திரும்பி வரும். நான் ஆறாம் தொட்டி. ஏழாம் தொட்டி பிச்சைமணி அண்ணாச்சி. பதினொரு வருஷமாக நாங்கள் ஜோடி. தங்கமான மனுஷர், வெயிலைப் பற்றிக்கூடக் குறை சொல்லமாட்டார். அவருக்கும் மதினிக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவருடைய நான்காவது என்ன என்றும் எனக்குத் தெரியாது. அடுத்தவர் நான்காவதைக் கேட்பது எங்களுக்குள் மரியாதை இல்லை, பந்தியில் பக்கத்து இலையை எட்டிப் பார்க்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை மாரிக்கு நிச்சயதார்த்தம். நாலரையிலிருந்து ஐந்தரைக்குள் நல்ல நேரம், எங்கள் வீட்டில் வைத்து. நான் அன்றைக்கு முழு லீவு கேட்டேன். ஜோடியில் ஒருவர் லீவு எடுத்தால் மற்றவரும் எடுக்கவேண்டும். அண்ணாச்சிக்கு லீவு மிச்சமில்லை. அதனால் மூன்றரைக்குப் பெர்மிஷன் தந்தார்கள். போதும் என்று நினைத்தேன்.

மதியம் இரண்டு மணிக்குச் சூப்பர்வைசர் ஞானதுரை ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து தொட்டிகளுக்கு மேற்கே சவுக்குக் கம்பு நட்டார். எங்கள் நிலையம் ஒரு கோடி சுற்று முடித்ததற்காக மண்டல அதிகாரி கேடயம் கொடுக்க வருகிறார். அவரை வரவேற்று முப்பதடி உயரத்துக்கு ஒரு பேனர். கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே, 'ஒரு கோடி சுற்று கண்ட செம்மலே, வருக!' அந்த ஒரு கோடியில் ஒரு சுற்றுக்குக்கூட அவர் தொட்டியில் கால் நனைத்ததில்லை. அது கிடக்கட்டும்.

மூன்று பத்துக்கு வெயில் மேற்கே சாய்ந்தது. பேனரின் நிழல் மெதுவாக வந்து ஏழாம் தொட்டியில் விழுந்தது. ஆறாம் தொட்டிக்கு அது வரவில்லை. எனக்கு நான்காவது போய்விட்டது. அண்ணாச்சிக்கு மூன்றோடு நின்றுவிட்டது.

கண் மூடித் திறக்கும் நேரத்துக்குத்தான் எனக்கு அந்த நிலைமை பழக்கம். அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்து பழக்கமில்லை. எனக்கு என்ன வயது என்று தெரியவில்லை. தண்ணீரில் தெரிந்த முகத்தைப் பார்த்தேன். சின்னப் பெண் என்றும் சொல்லலாம், கிழவி என்றும் சொல்லலாம் போலிருந்தது. அண்ணாச்சி எந்தப் பக்கம் இருக்கிறார் என்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ ஒரு பக்கத்தில் இருந்தார்.

"தங்கச்சி, எனக்கு மூணோட நின்னு போச்சு" என்றார்.

"எனக்கு நாலும் போயிட்டு, அண்ணாச்சி."

"ஐயையோ. தொட்டிய விட்டு எந்திரிச்சிராத. எந்திரிச்சா போனது வராது."

அது எனக்கும் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவதுதான். அப்படியே உட்கார்ந்திருந்தேன். மகள் போனதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கு மகள் இல்லை, அவ்வளவுதான். இல்லாத ஒருத்தியை எப்படித் தேடுவது?

ஞானதுரை வரப்பு வழியாக வந்தார். அண்ணாச்சி நிழலைக் காட்டினார்.

"பேனர அரையடி நகட்டுங்க சார். கனிக்கு நாலும் போயிருக்கு. இன்னைக்கு அது வீட்ல விசேஷம்."

"அண்ணாச்சி, பெரியவர் இன்னும் பேனரப் பாக்கல. பாக்குறதுக்கு முன்னாடி கை வச்சா என் வேல இருக்குமா? ஒரு கல்யாண வீட்ல சாப்பிட உக்காந்திருக்காராம். வந்து பாத்துட்டாருன்னா நானே அவுத்துருதேன்."

"எப்ப வருவாரு?"

"பாயசம் போட்டுட்டாவளாம்."

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். அதுவும் போயிருந்தது. "சரிங்க சார்" என்றேன். பதினெட்டு வருஷத்தில் நான் ஞானதுரையிடம் 'சரிங்க சார்' என்று சொன்னது அன்றைக்குத்தான். அவரே ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்தார்.

மூன்றரைக்குத் தவசிமுத்து டி.வி.எஸ்ஸில் வந்தார். இரண்டு கையிலும் ஒரு மாம்பழக் கலர் பட்டுச் சேலையை அள்ளிப் பிடித்திருந்தார். கொசுவம் பாதி மடித்தபடி இருந்தது. அதிலிருந்து ஊக்கும் மல்லிகையும் வரப்பில் உதிர்ந்துகொண்டே வந்தன. வண்டியை எப்படி ஓட்டி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

"ஏட்டி, புள்ளையக் காணோம். மாப்ள வீட்டாரு வந்து உக்காந்துட்டாவ. சேல கட்டிக்கிட்டு நின்னவ அப்படியே இல்லாமப் போனா, திரும்பி வரல. சேல மட்டும் கீழ கெடக்கு."

"எந்தப் புள்ள?"

 அவர் வரப்பில் மண்டியிட்டு, என் கழுத்து அட்டையைப் பிடித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். நான்காவது, மகள். என் பெயர்தான் மேலே இருந்தது. முத்திரையும் சரியாக இருந்தது.

"எனக்கு மக இருக்காளா?"

"இருக்காட்டி. இருபத்தி மூணு வயசு. நீ பெத்தது."

"அப்ப எனக்கு என்ன வயசு?"

அவர் அழ ஆரம்பித்தார். அந்த மனுஷர் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுததைப் பார்த்ததும்தான் எனக்குள்ளே ஏதோ ஓர் இடம் காலியாக இருப்பது தெரிந்தது. பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவது மாதிரி மனசு அங்கேயே போய்ப் போய் வந்தது. யார் என்று தெரியாத ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தது. பயமாக இருந்தது. பயம் என் அட்டையில் இல்லை, அதனால் அது முழுசாக என்னிடமே இருந்தது.

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான்னு சும்மாவா சொன்னாவ" என்று தவசிமுத்து ஞானதுரையைப் பார்த்துச் சொன்னார். "என்னைய்யா செய்யணும்? சொல்லும். உம்ம கால்ல விழணுமா?"

"மாமா, நான் என்ன செய்ய? பேனர்ல கை வைக்க முடியாது."

மேலே, கம்பில் உட்கார்ந்து கயிறு கட்டிக்கொண்டிருந்த பேனர்க்காரர் அப்போது கீழே குனிந்து கேட்டார். "சார், காத்து ஓட்டை போட்டுரட்டுமா? சாயங்காலக் கடக்காத்துக்கு இது தாங்காது, கிழிஞ்சிரும்."

பேனர் கட்டுகிறவர்கள் காற்று போவதற்காகப் பிறை மாதிரி அங்கங்கே கீறி விடுவார்கள், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஞானதுரை கொஞ்சம் யோசித்தார்.

"காத்து ஓட்டை போடலாம். அது பேனர்ல கை வைக்கிறதுல சேராது."

அண்ணாச்சியின் மோதிரத்திலிருந்து சூரியனுக்குத் தவசிமுத்து ஒரு விரலை நீட்டிக் குறிபார்த்தார். அதிகாரியின் கூப்பிய கைக்கு மேலே, நெஞ்சில் வந்தது.

"நெஞ்சிலயா?" என்றார் ஞானதுரை. "மொகத்துல வேண்டாம். நெஞ்சுன்னா பரவால்ல, யாரும் கவனிக்க மாட்டாவ."

பேனர்க்காரர் பிளேடால் ஒரு பிறை கீறினார். தொட்டியில் வெளிச்சம் விழுந்தது. ஆனால் பிறை கீறினால் ஒரு நாக்கு தொங்கும், காற்றுக்கு அது ஆடும். நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை. அதற்குள் நிழல் என் தொட்டிக்கும் வந்திருந்தது. நாக்கு ஒருபுறம் ஆடினால் வெளிச்சம் அண்ணாச்சிமேல் விழுந்தது. மறுபுறம் ஆடினால் தெறித்து என்மேல் விழுந்தது. அவர்மேல், என்மேல், அவர்மேல், என்மேல். அண்ணாச்சிக்கு நான்காவதும் போனது. இரண்டு ஆக்சிஜனும் சேர்ந்தன. பூசணிக்காய் அளவுக்கு ஒரு குமிழி எங்கள் இருவருக்கும் நடுவில் எழும்பிப் போனது.

பிறகு தண்ணீர் திருப்பித் தந்தது. முதலில் வயது வந்தது, நாற்பத்தெட்டு. அண்ணாச்சி எனக்கு வலது பக்கம் இருந்தார். அடுத்ததாகக் கோபம் வந்தது, சேர்த்து வைத்து மொத்தமாக வந்தது. பேனர்மேல் வந்தது, பாயசத்தின்மேல் வந்தது, "யோவ் ஞானதுரை" என்று வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் நான்காவது வந்து உட்கார்ந்தது. கனமாக, குளிர்ச்சியாக, மஞ்சளும் மரமும் கலந்த வாசனையோடு இருந்தது. பதினெட்டு வருஷ வேலையில் அப்படி ஒரு வாசனை எனக்கு வந்ததில்லை.

ஏழாம் தொட்டியில் அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் கோணிக்கொண்டு போனது.

"தங்கச்சி" என்றார். "எனக்குத் தல பின்னத் தெரியாதே."

எனக்குப் புரிந்துவிட்டது. வெளிச்சம் மாறி மாறி விழுந்ததில் எங்கள் நான்காவது இரண்டும் இடம் மாறியிருந்தன. தவசிமுத்துவுக்கும் புரிந்தது. அவர் சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாலு எட்டு நடந்து போய்ச் சேலையை அண்ணாச்சி கையில் கொடுத்தார். 

"எங்கிட்ட வந்தது என்ன, அண்ணாச்சி?"

"அது எங்க வீட்டு வாசல்மா" என்றார், கூச்சத்தோடு.

"இன்னொரு சுத்து ஓட்டி மாத்திப்போம்" என்றேன். நிமிர்ந்து பார்த்தால் ஓட்டை வெளிச்சம் நகர்ந்துபோய், நிழல் இரண்டு தொட்டியையும் முழுசாக மூடியிருந்தது. நாளைக்குப் பேனர் இருக்காது, பேனர் இல்லாவிட்டால் ஓட்டை இல்லை, ஓட்டை இல்லாவிட்டால் அந்த நாக்கு இல்லை என்று ஞானதுரை வரிசையாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மாரியைப் பற்றிய நினைவெல்லாம் எனக்குத் திரும்பி வந்திருந்தது, ஒன்றும் குறையவில்லை. அவளுக்கு அம்மை போட்டபோது பதினோரு நாள் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, கணக்கில் பெயிலாகி வந்த அன்று அடித்துவிட்டுப் பிறகு தோசை ஊற்றிக் கொடுத்தது, எல்லாம் இருந்தது. ஆனால் அண்ணாச்சி மகளுக்கு நான் ஏன் இவ்வளவு செய்தேன் என்றுதான் விளங்கவில்லை.

கேட்டில் கிளார்க் ரோசம்மா தினமும் எங்களைச் சோதித்து 'மாற்றமில்லை' என்று முத்திரை குத்துவாள். என் அட்டையைப் பார்த்து விரலை மடக்கி எண்ணினாள்.

"நாலு போச்சு, நாலு வந்துருக்கு. மாற்றமில்லை."

"நல்லாப் பாரு ரோசம்மா. மகளக் குடுத்துட்டு வாசல வாங்கிட்டு வந்துருக்கேன்."

"எண்ணிக்கை சரியா இருக்கா இல்லியாக்கா? என்ன பொருள்னு எழுத பாரத்துல எடமில்ல."

"உன் பாரத்துல கொள்ளிய வைக்க. உனக்கு ரெண்டு பிள்ளைதான? ரெண்டையும் குடுத்துட்டு ரெண்டு ஆட்டுக்குட்டி தாரேன், வாங்கிக்கிடுதியா?"

"என் அட்டைல பிள்ளைக இல்லக்கா" என்று பொறுமையாகச் சொல்லி, முத்திரையைக் குத்தினாள். மை தெளிவாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் குத்தினாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போனோம். மணி நாலே முக்கால். மாப்பிள்ளை வீட்டார் பதினாறு பேர் எங்கள் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். காலண்டர் தொங்கிக்கொண்டிருந்த மேற்குச் சுவரில் புதிதாக ஒரு வாசல் இருந்தது. நிலையில் மஞ்சள் பூசி, நடுவில் மூன்று குங்குமப் பொட்டு. அந்தப் பக்கம் அண்ணாச்சி வீட்டுக் கூடம் தெரிந்தது. அவர் வீடு அஞ்சு தெரு தள்ளி இருக்கிறது. அதற்கு இப்போது வேறு வாசல் கிடையாது என்பதால் அவரும் எங்கள் வீட்டுக்குள் வந்து, எங்கள் குழாயில் கால் கழுவிவிட்டு, அதன் வழியாகத்தான் போனார்.

மாப்பிள்ளை வீட்டார் நாற்காலிகளை மேற்கே பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் இருக்கிறதா என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

நானும் நிலையைத் தாண்டி உள்ளே போனேன். கூடத்தை ஒட்டிய அறையில் மாரி உள்பாவாடையும் ரவிக்கையுமாக நின்றுகொண்டிருந்தாள். மதினி கையில் சேலையை வைத்துக்கொண்டு எந்தத் தலைப்பு எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழித்தாள். பிள்ளை வளர்க்காத கை.  அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா, அழாதீங்கம்மா, பவுடர் கலஞ்சிரும்" என்று மாரி அவளிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "வாங்க அத்தை" என்றாள். "அத்தை, இந்த ஊக்க எங்க குத்தணும்? அம்மாவுக்குத் தெரியலியாம்."

அவள் 'அத்தை' என்றது எங்கோ வலித்தது. அந்த வலி யாருடையது, என்னுடையதா, மதினியுடையதா என்றே எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் ஊக்கு எங்கே குத்தவேண்டும் என்பது என் கைக்குத் தெரிந்தது. தோளில் ஒன்று, இடுப்பில் உள்பக்கமாக ஒன்று. மாரிக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதனால் அங்கே தலைப்பை அரை விரல் தூக்கிப் பிடிக்கவேண்டும். பிடித்தேன். தலையும் பின்னிவிட்டேன். அண்ணாச்சி பக்கத்தில் நின்று மூன்று புரி எப்படி மாறுகிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

வெளியே பெரிய மாமா ஒருவர் நிச்சய ஓலையை வாசித்தார். "தவசிமுத்து, சுயம்புக்கனி தம்பதியரின் மகள்" என்று எழுதியிருந்தது. அங்கே நிறுத்தி, கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். அடித்துவிட்டு எழுதப் பேனா கேட்டார். பேனா நான்தான் கொடுத்தேன். "பிச்சைமணி, பத்திரகனி தம்பதியரின் மகள்" என்று எழுதி, அடித்த இடத்தில் இரண்டு பக்கத்தாரும் சின்னக் கையெழுத்துப் போட்டார்கள். தவசிமுத்து சாட்சியாகப் போட்டார், பேப்பர் கிழிந்துவிடும் போல அழுத்தி. அத்தை முறைக்கு நான் தட்டை எடுத்துக் கொடுத்தேன். குலவை இட்டார்கள். மதினிக்குக் குலவை சரியாக வரவில்லை, பாதியில் விக்கியது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் தாயார் என்னிடம் விடைபெற வந்தாள். பருமனான, நிதானமான பெண்பிள்ளை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பந்தியெல்லாம் நல்லாப் பாத்துக்கிட்டிய, மதினி. பேசவே நேரமில்ல. உங்களுக்குப் பிள்ளைக எத்தன?"

மேற்குச் சுவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தேன்.

"ஒரு வாசல்" என்றேன்.

"மேற்க பாத்ததா?"

"ஆமா."

"நல்லது" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். "எனக்கு மூத்தது கிணறு. அதுக்குப் பிறகு ஆறு வருஷம் கழிச்சுத்தான் இவன் பொறந்தான்."

"தண்ணி எப்படி?"

"கொஞ்சம் உப்புதான்" என்று சொல்லிவிட்டு, அவள் தன் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.